மாதம் 19 டாலர் ஆண்டு பாஸ்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவின் தீம் பார்க் ஆண்டு பாஸ்களை மாதத் தவணையில் வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோருமே மாதத் தொகையைத்தான் முதலில் சொல்கிறார்கள். விளம்பரத்திலும் அதுதான் பெரிதாக இருக்கிறது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, ஒப்பந்தத்தின் வகையை. இந்தத் தவணைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு குறிப்பிட்ட கடனைப் பன்னிரண்டு மாதத்தில் அடைத்து முடிப்பது. மற்றது, நாம் நிறுத்தச் சொல்லும் வரை கார்டில் எடுத்துக்கொண்டே இருப்பது. இந்தத் தவணைகளில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒன்றை மற்றதாக நினைத்துக் கையெழுத்து போடுவதால் வருபவை. முதல் வகையை இங்கே மூடிய வகை என்றும் இரண்டாவதைத் திறந்த வகை என்றும் வைத்துக்கொள்கிறேன்.

டிஸ்னி பாஸ்கள் மூடிய வகை. கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் 'மேஜிக் கீ' என்ற ஆண்டு பாஸ் 2021 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தபோது இருந்த விலைகளை எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விலைகள் கூடிவிட்டன, ஆனால் கணக்கு போடும் முறை அதேதான். அதில் நாலு பாஸ் வகைகள்: இமாஜின் 399, என்சான்ட் 649, பிலீவ் 949, ட்ரீம் 1,399 டாலர். தவணையில் வாங்கினால் எந்த வகைக்கும் முன்பணம் 179 டாலர், மீதி 12 மாதத் தவணை, வட்டி கிடையாது. இமாஜினில் 399-லிருந்து 179 போனால் 220. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 18.33. அதுதான் 'மாதம் 19 டாலர்'.

முன்பணம் ஒரு ஆளுக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாலு பேர் குடும்பம் என்சான்ட் எடுத்தால் முதல் நாளே கார்டில் 716 டாலர் போகும். பிறகுதான் மாதம் கிட்டத்தட்ட 157 டாலர். டிஸ்னி ஆண்டு பாஸில் குழந்தைக்குத் தனி விலை கிடையாது. மூன்று வயது ஆகிவிட்டால் பெரியவர் விலைதான். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட்டே தேவையில்லை. கைக்குழந்தைக்கு யாரும் பாஸ் எடுப்பதில்லை. ஆனால் இரண்டே முக்கால் வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று பேருக்கு மட்டும் பட்ஜெட் போட்டால் மூன்றாவது பிறந்த நாளுக்குப் பிறகு நாலாவது முன்பணமும் நாலாவது தவணையும் சேர்ந்துகொள்ளும். அது தனி ஒப்பந்தமாக, தனித் தேதியில் ஓடும்.

ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வரியும் சேரும். 2021 செப்டம்பரில் அங்கே பிக்ஸி டஸ்ட் பாஸ் 399, பைரேட் 699, சார்சரர் 899, இன்க்ரெடி பாஸ் 1,299. மேலே 6.5 சதவீத விற்பனை வரி. முன்பணம் வரியோடு சேர்த்து 205. பிக்ஸி டஸ்ட் வரியோடு 424.94 ஆகிறது, அதில் 205 முதல் நாளே போய்விடுகிறது. அதாவது விலையில் ஏறக்குறைய பாதி. இன்க்ரெடி பாஸில் அதே 205 மொத்தத்தில் 15 சதவீதம்தான். முன்பணம் எல்லா வகைக்கும் ஒன்றே என்பதால், விலை குறைந்த பாஸுக்குத் தவணை அவ்வளவாக உதவுவதில்லை, விலை கூடிய பாஸுக்குத்தான் உதவுகிறது. இங்கேதான் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. மாதம் 19-க்கும் 45-க்கும் இடையே 26 டாலர்தானே என்று பிக்ஸி டஸ்டிலிருந்து பைரேட்டுக்குத் தாவுவது எளிது. உண்மையில் அது ஒரு ஆளுக்கு 300 டாலர், மேலே வரி. நாலு பேருக்கு 1,278. வகையைத் தேர்ந்தெடுக்கும்போது மாதத் தொகையை மறைத்துவிட்டு ஆண்டுத் தொகையை மட்டும் எழுதிப் பாருங்கள்.

முன்பணம் ஏன் இந்த அளவில் இருந்தது? ஒரு நாள் டிக்கெட் விலைக்குக் குறையாமல்தான் அது இருந்தது. முதல் நாள் ஆசைதீரச் சுற்றிவிட்டு அடுத்த மாதமே கட்டாமல் விட்டவரிடமிருந்தும் நிறுவனத்துக்கு ஒரு நாள் காசு வந்துவிடும். இது என் அனுமானம், ஆனால் தவணை தவறினால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் பொருத்தமாகவே தெரிகிறது. பணம் வராவிட்டால் பாஸ் முடங்கும், பாக்கி அப்படியே நிற்கும். தொடர்ந்து கட்டாவிட்டால் கடன் வசூல் நிறுவனம் வரை போகலாம். குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தத்தில் வாங்கியிருந்தால் ஒரு தவணை தவறியதற்கே எல்லோருடைய பாஸும் வாசலில் செல்லாமல் போகலாம்.

தவணையில் ஃப்ரிட்ஜ் வாங்குவது போலத்தான் இது. ஃப்ரிட்ஜைத் திறக்காத மாதத்துக்குத் தவணை நிற்காது. வேலை மாறி டெக்சாஸ் போனாலும், கர்ப்பமாகி ரைடு ஏற முடியாமல் போனாலும், குழந்தைக்கு அந்த இடம் அலுத்துப் போனாலும் பன்னிரண்டு தவணையும் கட்டியாக வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கும், புராஜெக்ட்டைப் பொறுத்து ஊர் மாறுகிறவர்களுக்கும் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதம் அதே ஊரில் இருப்போமா என்று தெரியாதவர்கள் மூடிய வகைத் தவணையில் கையெழுத்து போடக் கூடாது.

ஒப்பந்தத்தின் வகையை எப்படிக் கண்டுபிடிப்பது? கடன் விவரங்களை வெளிப்படையாகச் சொல்ல வைக்கும் 1968-ஆம் ஆண்டின் அமெரிக்க ட்ரூத் இன் லெண்டிங் சட்டம் வட்டி வாங்கும் கடனுக்கு மட்டும் உரியதல்ல. வட்டியே இல்லாவிட்டாலும் நாலு தவணைக்கு மேல் போகும் எழுத்துப்பூர்வமான கடனுக்கும் பொருந்தும். அதனால்தான் வட்டியில்லாத பாஸ் ஒப்பந்தத்திலும் ஒரு கட்டம் போட்டு நாலு விவரங்கள் தந்திருப்பார்கள்: ஆண்டு வட்டி விகிதம், நிதிக் கட்டணம், கடனாகத் தரும் தொகை, மொத்தம் கட்ட வேண்டிய தொகை. கீழே தவணைகளின் எண்ணிக்கையும் தேதிகளும் இருக்கும். இந்தக் கட்டம் இருந்தால் அது மூடிய வகை. கட்டம் இல்லாமல் 'நான் ரத்து செய்யும் வரை என் கார்டில் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறேன்' என்ற பொருளில் வாசகம் மட்டும் இருந்தால் திறந்த வகை. இரண்டில் எதுவானாலும் அந்தப் பக்கத்தை அப்போதே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். பிறகு தேடினால் இணையதளத்தில் புது விதிமுறைகள்தான் இருக்கும், நீங்கள் ஒப்புக்கொண்டவை இருக்காது.

சேமித்து வைத்த வாசகத்தின் மதிப்பு என்ன என்பதற்கு சீ வேர்ல்டு வழக்கைவிட நல்ல சான்று இல்லை. சீ வேர்ல்டு, புஷ் கார்டன்ஸ் பூங்காக்களின் 'ஈசி பே' தவணை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. 12 மாதத்துக்குக் குறைவான காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட பாஸ்களைத் தவிர மற்றவை மாதாமாதம் தானாகவே நீளும் என்பது அதன் சாரம். வாடிக்கையாளர்கள் என்ன செய்தார்கள்? முதல் தவணையை வாங்கிய அன்றே கட்டினார்கள், மீதிப் பதினொன்றை அடுத்த பதினொரு மாதங்களில் கட்டினார்கள். ஜனவரி முதல் தேதி தொடங்கினால் டிசம்பர் முதல் தேதி பன்னிரண்டாவது தவணை முடிந்துவிடும். கழிந்தது பதினொரு மாதம்தான். அப்படியானால் அது 12 மாதத்துக்குக் குறைவு, பாஸ் தானாக நீளக் கூடாது. ஆனாலும் கார்டில் பணம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2014-இல் ஃப்ளோரிடாவின் டாம்பா கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் நீதிபதி வாடிக்கையாளர்களின் இந்த வாதத்தை ஏற்றார். 2020-இல் 1 கோடியே 15 லட்சம் டாலருக்குச் சமரசமானது. ஒரே வாக்கியம், ஒரு மாத வித்தியாசம்.

திறந்த வகையைப் பற்றி நான் மோசமாக நினைக்கவில்லை. பன்னிரண்டு மாதக் கட்டாயம் முடிந்த பிறகு எந்த மாதம் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது ஊர் மாறுகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் நிறுத்துவது நம் வேலை. முதல் ஆண்டு முடிவதற்கு 45 நாள் முன்பு போன் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். ரத்து செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்த வழியில் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து அந்த நினைவூட்டலிலேயே எழுதி வையுங்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சட்டப் பலம் உண்டு. அங்கே 2018 ஜூலையிலிருந்து, ஆன்லைனில் சேர்ந்த தானியங்கிப் புதுப்பிப்பை ஆன்லைனிலேயே ரத்து செய்ய வழி தர வேண்டும். ரத்து செய்த பின் உறுதி எண்ணையோ மின்னஞ்சலையோ வாங்காமல் விடாதீர்கள். அடுத்த இரண்டு மாத ஸ்டேட்மெண்டையும் பாருங்கள்.

கார்டை பிளாக் செய்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. நிற்காது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பழைய கார்டு எண்ணுக்குப் பதில் புதிய எண்ணை வணிக நிறுவனங்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் சேவை உண்டு. கார்டு தொலைந்து புதிது வந்த பிறகும் தவணை தொடர்வது அதனால்தான். தற்செயலாக இந்த இணைப்பு அறுந்து போனால் அதுவும் தொல்லை. புது கார்டு வந்ததே தெரியாமல் தவணை தவறி, பூங்கா வாசலில்தான் பாஸ் முடங்கியது தெரியவரும். ஆகவே புது கார்டு வந்த அன்றே பாஸ் கணக்கில் உள்ளே போய் எண்ணை மாற்றிவிடுவது நல்லது.

எந்தக் கார்டில் கட்டுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தவணைக்கு வட்டி இல்லை, ஆனால் அந்தத் தவணை விழும் கிரெடிட் கார்டுக்கு வட்டி உண்டு. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்குப் பிரச்சினை இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி பாக்கியை உருட்டிக்கொண்டிருப்பவருக்குக் கார்டின் வட்டியில்லா அவகாசமே போய்விட்டிருக்கும், அப்போது ஒவ்வொரு தவணையும் விழுந்த நாளிலிருந்தே வட்டி ஏறும். வட்டியில்லாத் தவணை என்று வாங்கியது 20 சதவீதத்துக்கு மேலான வட்டிக் கடனாகிவிடும். அந்த நிலையில் இருப்பவர் பாஸை ஓராண்டு தள்ளிப் போட்டுக் கார்டை முதலில் அடைப்பது நல்லது.

டெபிட் கார்டின் ஆபத்து வேறு. 2020 மார்ச் நடுவில் கோவிட் காரணமாகப் பூங்காக்கள் மூடப்பட்டன. ஏப்ரலில் டிஸ்னி மாதத் தவணைகளை நிறுத்தியது. ஜூலையில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தபோது, நிறுத்தி வைத்திருந்த மாதங்களின் தொகை தவறுதலாகப் பல பாஸ்தாரர்களின் கார்டில் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டது. டிஸ்னி மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தந்தது. ஆனால் திரும்பி வரும் வரை என்ன ஆகும் என்று யோசியுங்கள். கிரெடிட் கார்டில் விழுந்தால் அது வெறும் எண். டெபிட் கார்டில் விழுந்தால் வாடகைக்கு வைத்திருந்த பணம் போய்விடும், ஓவர்டிராஃப்ட் கட்டணமும் சேரும். மாதாமாதம் முழுதும் அடைக்கும் ஒழுங்கு உள்ளவர்கள் கிரெடிட் கார்டையே கொடுங்கள். டெபிட் கார்டோ வங்கிக் கணக்கோதான் வழி என்றால், தவணைத் தேதிக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பு வங்கிக்குச் சொல்லி அந்தத் தவணையை நிறுத்தும் உரிமை கூட்டாட்சி விதிகளில் உண்டு. தவறாகப் பணம் எடுப்பவர்களை எதிர்க்கத்தான் இந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும். பணம் எடுப்பது நின்றால் கடன் தீர்ந்துவிடாது. தவறான தொகை எதைக் கண்டாலும் ஸ்டேட்மெண்ட் வந்து 60 நாளுக்குள் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள்.

தவணைத் தேதி வாங்கிய தேதியைப் பொறுத்தே அமைகிறது, அதனால் வாங்கும் நாளை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். சம்பளம் விழுந்து இரண்டு மூன்று நாள் கழித்து வாங்குங்கள். பாஸின் ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் தனியே பாருங்கள்: வாங்கிய நாளா, முதல் முறை உள்ளே போகும் நாளா? தவணை ஒரு நாளிலும் பாஸ் வேறொரு நாளிலும் தொடங்கினால், இரண்டும் முடியும் நாளும் வேறாக இருக்கும். அடுத்த ஆண்டுக்கு மறுபடி தவணையில் எடுப்பவருக்குப் பழைய ஒப்பந்தத்தின் கடைசித் தவணையும் புதியதன் முதல் தொகையும் ஒரே மாதத்தில் மோதுவது இதனால்தான்.

யாருக்குத் தவணை கிடைக்கும்? டிஸ்னிலேண்டில் கலிபோர்னியாவாசிகளுக்கு, வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஃப்ளோரிடாவாசிகளுக்கு மட்டும். வேறு மாநிலத்தவர் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். ஃப்ளோரிடாவில் மாநில ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும். புதிதாகக் குடியேறி உரிமம் மாற்றாதவர்கள் முதலில் அதை முடியுங்கள். இணையத்தில் வாங்கிவிட்டு வாசலில் முகவரிச் சான்று இல்லாமல் நிற்பது வீண் அலைச்சல்.

இந்தியாவிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத் தவணையில் எடுத்துவிடலாமா என்ற கேள்வி தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி வருகிறது. வேண்டாம். மாநிலவாசிகள் அல்லாததால் டிஸ்னியில் அவர்களுக்குத் தவணையே கிடைக்காது. மற்ற பூங்காக்களிலும் கணக்கு ஒத்துவராது. பார்வையாளர் விசாவில் வழக்கமாகத் தரும் தங்கும் காலம் ஆறு மாதம், ஒப்பந்தமோ பன்னிரண்டு மாதம். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் பாதி ஆண்டு கட்ட வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பல நாள் டிக்கெட்தான் பொருத்தம். உள்ளூர்வாசிகளுக்கும்கூட அது சில ஆண்டுகளில் பாஸை வென்றுவிடுகிறது. 2022-இல் கலிபோர்னியாவாசிகளுக்கு டிஸ்னிலேண்ட் விற்ற மூன்று நாள் டிக்கெட் 249 டாலர், நாளுக்கு 83. 

எத்தனை முறை போனால் பாஸ் கட்டுபடியாகும்? 2021 ஆகஸ்டில் டிஸ்னிலேண்ட் ஒரு நாள் டிக்கெட் நாளைப் பொறுத்து 104 முதல் 154 டாலர் வரை. என்சான்ட் 649-ஐ 104-ஆல் வகுத்தால் ஏழு நாள், 154-ஆல் வகுத்தால் ஐந்து நாள். எதால் வகுப்பது என்பது உங்கள் பாஸ் எந்த நாட்களில் செல்லும் என்பதைப் பொறுத்தது. கூட்டம் குறைந்த வார நாட்களுக்கு மட்டும் செல்லும் பாஸை 154-ஆல் வகுப்பது தன்னையே ஏமாற்றுவது. அந்த நாட்களில் டிக்கெட்டே 104 அல்லது 114-க்குக் கிடைத்தது. ஃப்ளோரிடாவின் பிக்ஸி டஸ்ட் பாஸ் வார இறுதிகளிலும் பெரிய விடுமுறைகளிலும் செல்லாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதில் மிஞ்சுவது பள்ளி விடுமுறையில் வரும் சில வார நாட்கள்தான். மாதத் தொகை மிகக் குறைவான பாஸ்தான் அந்த வீட்டுக்கு மிக விலை கூடிய பாஸ்.

தடை நாட்கள், அதாவது பாஸ் செல்லாத நாட்கள், இல்லை என்ற வாசகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். மேஜிக் கீயில் பாஸ் இருந்தாலும் போகும் நாளை முன்பதிவு செய்ய வேண்டும். 1,399 டாலர் ட்ரீம் கீ தடை நாட்களே இல்லாதது என்று விற்கப்பட்டது. ஆனால் பாஸ்தாரர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் தீர்ந்ததும் அந்த நாட்களில் அவர்களால் முன்பதிவு செய்ய முடியவில்லை, அதே நாளுக்கு ஒரு நாள் டிக்கெட் விற்பனையில் இருந்தது. இதை எதிர்த்த வழக்கு 2023-இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசமானது. முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருப்பதற்கும் தண்டனை உண்டு: 90 நாளில் மூன்று முறை வராவிட்டால் 30 நாளுக்குப் புது முன்பதிவு கிடையாது. அந்த 30 நாளுக்கும் தவணை வழக்கம்போல் போகும்.

வாங்குவதற்கு முன் அந்தப் பூங்காவின் முன்பதிவுக் காலண்டரைத் திறந்து, உங்கள் பாஸ் வகையைத் தேர்ந்தெடுத்து, அடுத்த மூன்று மாதங்களில் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் விடுமுறையான நாட்களில் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இணையதளத்தில் உறுப்பினர் கணக்கு தொடங்காமலே காலண்டரைப் பார்க்கலாம். ஐந்தாறு நாட்களாவது தேறினால் முன்பணம் கட்டுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அந்த நாட்களுக்கு டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.